மூக்கால் நிறுத்துகிறவர்

இரண்டு கைகளிலுமாக நூல் சுற்றிய நான்கு சின்ன மரக்கட்டைகள். ஆகவே மூக்குதான் வேலை செய்ய வேண்டும். கைப்பேசித் திரையில் ஓடும் கைகள் ஒரு பின்னலைத் தாண்டிப் போகும்போது அவர் குனிந்து, மூக்கு நுனியால் திரையை ஒரு தட்டு தட்டுகிறார். படம் நிற்கிறது. கட்டைகளை இடம் மாற்றுகிறார், ஒரு குண்டூசியைக் குத்துகிறார், மறுபடி குனிந்து ஒரு தட்டு. படம் ஓடுகிறது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை இப்படி நூறு தடவையாவது குனிந்து நிமிர்வார். தூரத்திலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் மரங்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது போலிருக்கும். வெயில் காலத்தில் மூக்கில் எண்ணெய் வழியும், திரை சொன்ன பேச்சைக் கேட்காது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைத் திட்டுவார்.

"கொத்துனது போதும், நகருங்க. தட்டு வைக்கணும்," என்பாள் மனைவி.

"ஒரு வரிசை. ஒரே ஒரு வரிசை."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. பொந்து போட்டு முட்டை வைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டீங்கபோல."

பகலில் அவர் கார் ஓட்டும் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரி. இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறார். அலுவலகத்தில் 'ஃபெயில் சார்' என்றால்தான் தெரியும். காரில் ஏறியதும் பையிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை எடுப்பார். அதன் முதுகில் ஒரு ரப்பர் குமிழ். குமிழின் குழியை நாக்கால் ஒரு நக்கு நக்கி, முன்கண்ணாடியில் அழுத்தி ஒட்டுவார். பின்னால் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். ஓட்டுகிறவர் தன் கண்ணாடியைப் பார்க்கிறாரா என்பதை ஓரக்கண்ணால் கவனிப்பார். பார்க்காவிட்டால் தாளில் ஒரு சிவப்புக் கோடு. "கண்ணாடி பாக்கல. ஏழு நாள் கழிச்சு வாங்க." தலையைத் திருப்பாமலே சொல்வார். அழுகிறவர்களுக்கும் அதே வாக்கியம், கெஞ்சுகிறவர்களுக்கும் அதே வாக்கியம்.

"ஊர்ல ஓடுற காரோட தூசி பூரா உங்க நாக்குலதான் இருக்கு," என்பாள் மனைவி. "அதான் பேச்சு அப்படி வருது."

கைவினை என்பது மூன்று வருடங்களுக்கு முன் முழங்கால் வீங்கி ஒரு மாதம் வீட்டில் கிடந்தபோது வந்த வியாதி. முழங்கால் சரியாகிவிட்டது. முதலில் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தொட்டியைத் தொங்கவிடும் உறி. நாலு நாள் தொங்கியது. ஐந்தாம் நாள் காலை செடியும் மண்ணுமாகத் தரையில் கிடந்தது. "செடி வெயிட்டு ஜாஸ்தி," என்று செடிக்கு ஃபெயில் போட்டார். அடுத்து, பிசின் ஊற்றி உறைய வைத்த தட்டு. உலர்ந்த பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஈ, காலை விரித்தபடி, இன்றைக்கும் இருக்கிறது. வாசனை மெழுகுவர்த்தி செய்து ஏற்றிய அன்று, எங்காவது ஒயர் கருகுகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். குரோஷா ஊசியில் மைத்துனருக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தார். மைத்துனர் அதை மிக்ஸிக்குப் போட்டிருக்கிறார். அளவெடுத்தது போல் பொருந்துகிறது.

எல்லாவற்றையும் வீடியோ பார்த்தே கற்றார். கற்றார் என்பதைவிடப் பரீட்சை வைத்தார் என்பது பொருத்தம். ஒவ்வொரு வீடியோவின் கீழும் தன் குறிப்பை எழுதாமல் விடமாட்டார். "4:12இல் இடது கை தளர்வு. கவனிக்கவும்." "9:30 முதல் 11:00 வரை வீண் பேச்சு." எங்கோ தன் வீட்டுச் சமையலறையில் கேமராவை வைத்துக்கொண்டு ஆசையாகக் கூடை முடையக் காட்டிய ஒரு பெண், "நன்றி ஐயா, திருத்திக்கொள்கிறேன்" என்று பதில் எழுதினாள். அதை ஒரு வாரம் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். மூன்றாவது வீடியோவோடு எந்த ஆசிரியரையும் கைவிட்டுவிடுவார். சொல்லிக்கொடுக்க அவர்களுக்குத் தகுதியில்லையாம்.

பாபின் லேஸ் மட்டும் ஒரு வருடம் தாண்டி நின்றது. உருளையான திண்டு ஒன்று, அதன்மேல் துளை போட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள். கட்டைகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டும் முறுக்கியும் வந்தால் ஊசிகளுக்கு நடுவே வலைத்துணி உருவாகும். இதைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோவில் குரலே கிடையாது. இரண்டு கைகள், ஒரு திண்டு, ஓரத்தில் ஒரு தேநீர்க் கோப்பை, பின்னணியில் ஏதோ இசை. அவ்வளவுதான்.

"இத்தனை பேர்ல இவங்க ஒருத்தங்கதான் வாயத் தெறக்கல," என்றார். இருபத்திரண்டு வருடப் பணியில் அவர் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது.

அந்தக் கோப்பையில் வளைந்து வளைந்து ஒரு வரி எழுதியிருந்தது. அவருக்குத் தெரிந்த எழுத்தில்லை. வடக்கே எங்கோ குளிர்ப் பிரதேசத் தீவொன்றில் இந்தக் கலை பிறந்தது, அந்த ஊர் எழுத்து அது, கைவினைஞர்களின் பழமொழியாக இருக்கும் என்று அவரே முடிவு செய்தார். ஆசிரியைக்கு நாற்பது வருட அனுபவம் என்பதையும் அவரேதான் முடிவு செய்தார். பிறகு அந்த வரியை வளைவு பிசகாமல் நீல நூலில் துணியில் தைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம், "அர்த்தம் தெரியாது, ஆனா ஆழமா ஏதோ இருக்கு," என்பார். வீடியோவின் கீழே யாரோ ஒருவர், "இடம் வலம் மாறியிருக்கிறதே?" என்று கேட்டிருந்தார். அதற்கு இவர், "குறை சொல்லுமுன் ஒரு முழம் பின்னிக் காட்டவும்" என்று பதில் எழுதி, அந்தப் பதிலுக்குத் தானே ஒரு விருப்பக் குறியும் இட்டுக்கொண்டார்.

ஒரு வருடத்தில் நாற்பது புத்தகக் குறிகள் பின்னினார். வீட்டில் இருக்கும் புத்தகங்கள் மூன்று. அதில் ஒன்று சாலை விதிகள்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூன்று வருடங்களாக அவர் செய்த எதையும் அவள் நின்று பார்த்ததில்லை. அது அவளுடைய கொள்கை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும், சொன்னால் இன்னொன்று செய்துவிடுவார். கூடத்துச் சட்டத்தைத் தினம் நாலு தடவை கடக்கிறாள், கண்ணைத் திருப்பாமல் கடக்கிறாள். படுக்கையில் குண்டூசி குத்தினால் மட்டும் பேசுவாள். "ஆஸ்பத்திரிலதான் நான் ஊசிக்கு நடுவுல பொழைக்கிறேன்னா, இங்கயுமா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் அவளுடைய மேலதிகாரி படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். எக்ஸ்ரே பிரிவின் பொறுப்பாளர், இவளைவிட ஆறு வயது இளையவள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. படமெடுத்தது இவள்தான். படத்தைப் பார்த்ததும் மேலதிகாரி கண் கலங்கியது வலியால் அல்ல.

"பொண்ணு கல்யாணத்துக்கு இருபது நாள்தான்க்கா இருக்கு. கவுனோட கைக்கு நானே லேஸ் போடுறேன்னு சொன்னேன். ஒரு கை முடிஞ்சிருச்சு. இன்னொண்ணு திண்டுல பாதில நிக்குது."

பள்ளி விடுதியில் எட்டு வருடம் லேஸ் பின்னப் பயின்றவள் அவள். கடையில் கிடைக்கும் எந்த லேஸும் முடிந்துபோன அந்த முதல் கைக்கு ஜோடி சேராது.

மனைவியை அழைத்துப்போக வந்திருந்த ஃபெயில் சார் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"பாபின் லேஸா? குடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்."

மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தாள். "சாருக்குத் தெரியுமாக்கா?"

'தெரியாது மேடம், நம்பாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை மனைவி விழுங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருடங்களாக ஊருக்கெல்லாம் ஃபெயில் போடுகிறாரே, ஒரு நாளாவது ஓட்டுகிற இருக்கையில் இவர் உட்காரட்டும், பக்கத்து இருக்கையில் வேறு யாராவது உட்காரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு அடுத்தவள் மகளின் கல்யாண உடுப்புக் கை விலையாகப் போகிறது என்பது அப்போது தோன்றவில்லை.

"ஒரு வருஷமா பண்றாரு," என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

மேலதிகாரி வீட்டில் முப்பத்திரண்டு கட்டைகளையும் நாடாவால் கட்டி, திண்டை மடியில் வைத்துக்கொண்டு மனைவி காரில் வந்தாள். அவர் சைக்கிள்களெல்லாம் முந்திப்போகும்படி ஓட்டினார். மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் மாலையே ஒரு சின்னச் சங்கடம். மேலதிகாரி விட்ட இடத்திலிருந்து இவர் தொடர்ந்ததும், இரண்டு பேர் வேலையும் சந்திக்கும் கோட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"செத்த நூலு. பிடிப்பே இல்ல. அந்தம்மா கையும் கொஞ்சம் லூசு. நான் ஆரம்பிச்ச எடத்துலேர்ந்து பாரு, எப்படி நிக்குதுன்னு."

அவள் பார்க்கவில்லை. "பாத்தவங்க சொல்லுவாங்க," என்று உள்ளே போய்விட்டாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் மேலதிகாரி, "சார் எதுவரைக்கும் வந்திருக்காருக்கா?" என்று கேட்டபோதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். "வேகமாத்தான் போறாரு மேடம்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டபடி மேலதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் திண்டை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. அவள் குனிந்தாள். இடது கை ஆள்காட்டி விரலால் தன் வேலை முடியும் கோட்டைத் தடவினாள். அங்கேயே விரல் நின்றது.

"இங்க ஏன் சார் ஓட்டை?"

"நூல் மேடம். பழைய நூல்."

"போன மாசம் வாங்கினது." அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ஒரு ஜோடி போட்டுக் காட்டுங்க."

அவர் போட்டார். கட்டைகள் கிளிக் கிளிக்கென்று பறந்தன. வேகத்தில் குறை சொல்ல முடியாது.

"நில்லுங்க சார். ஜோடிய முறுக்கும்போது வலதுகட்டைதான் மேல வரணும். நீங்க இடதத் தூக்கி மேல போடுறீங்க. நான் பாதி முறுக்கி விட்டுட்டுப் போனேன். நீங்க எதிர்ப்பக்கம் முறுக்கினதுல அது அவுந்துபோச்சு. அதான் ஓட்டை. அதுக்கப்புறம் போட்டது எல்லாமே மாறிச் சாயுது. ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சா ஒண்ணு கெழக்க பாக்கும், ஒண்ணு மேக்க பாக்கும்."

"எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க இப்படித்தான் போடுறாங்க." அவர் அசையவில்லை. "நாப்பது வருஷ அனுபவம். நீங்களே பாருங்க."

கைப்பேசியை நிமிர்த்தி வைத்து ஓடவிட்டார். தேநீர்த் தட்டோடு வந்த மனைவி, மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று வருடத்தில் முதல் முறையாகத் திரையைப் பார்த்தாள். அவள் கண் கைகளுக்குப் போகவில்லை. தினமும் ஐம்பது படங்களில் முதலில் ஓரத்து எழுத்தைத் தேடிப் பழகிய கண். வலதுகாலை இடதுகாலாக்கி யாராவது படத்தைத் திருப்பி வைத்தால் அந்த எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். அந்தக் கண் நேரே கோப்பைக்குப் போனது.

"ஏங்க, இது திருப்பிப் போட்ட படம்."

'மூச்ச இழுத்துப் பிடிங்க' என்று நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"என்ன படம்?"

"எழுத்து எடம் வலமா இருக்கு பாருங்க. முழுப் படத்தையும் திருப்பியிருக்கான்."

"எம்பொண்ணு சொல்லுவா," என்றாள் மேலதிகாரி. "அடுத்தவங்க வீடியோவத் திருடிப் போடுறவங்க மாட்டிக்காம இருக்க இப்படித்தான் திருப்புவாங்களாம். பேச்ச எடுத்துட்டுப் பாட்டச் சேத்துருவாங்களாம்."

"அது அவங்க ஊர் எழுத்து," என்றார் அவர்.

மனைவி கூடத்துக்குப் போனாள். ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, முகம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியின் முன் பிடித்தாள். வளைந்து வளைந்து போன அந்த எழுத்து, அவர் தினமும் செய்தித்தாளில் படிக்கும் அதே ஆங்கிலம்தான். மேசை வரைக்கும் கேட்கும்படி அதன் பொருளை வாசித்தாள்.

"'என் டீயத் தொடாதே.'"

மேலதிகாரிக்குச் சிரிப்பு பீறிட்டது. தூளியில் கட்டுக் கை குலுங்கியது. வலித்ததோ, மகளின் நினைவு வந்ததோ, சட்டென்று நின்றுவிட்டது. எழுந்து ஒற்றைக் கையால் திண்டைத் தூக்கப் பார்த்தாள். கட்டைகள் சரிந்தன.

"பரவால்ல சார். ஒரு கைக்கு லேஸ், ஒரு கை மொட்டை. மடிச்சு விட்டுக்குவா."

மனைவி சட்டத்தை மேசையில் வைத்தாள். "எம்மேலயும் தப்பு இருக்கு மேடம்," என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். இவர் பண்றத நான் பாத்ததே இல்லன்னு."

அவர் ஏதாவது சொல்வார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். நூலைச் சொல்வார், வீடியோக்காரனைச் சொல்வார், கோப்பையைச் சொல்வார். அவர் இரண்டு விரல்களால் திண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி இழுத்தபோது விடவில்லை.

"எத்தனை நாள் இருக்கு மேடம்?"

"ஒம்பது. தைக்கவே ரெண்டு நாள் வேணும்."

"அவுத்துடறேன்."

"அவுத்துட்டு?"

"மறுபடி போடறேன். உங்க பக்கமா."

மேலதிகாரி அவரைப் பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் அவர் பக்கத்தில் கார் ஓட்டியவள். இரண்டு தடவை ஃபெயில், இரண்டு தடவையும் கண்ணாடி பார்க்காததற்காக. மனைவிக்கு அது தெரியும். அவருக்கு ஞாபகமில்லை. இத்தனை பேரில் யாரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்? மேலதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"சரி. ஏழு நாள் கழிச்சு வர்றேன்."

பதினொரு நாள் வேலையை அவிழ்க்க மதியம் முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கி, ஒவ்வொரு ஜோடியாகப் பின்னால் போனார். கீழே விழுந்த ஊசிகளை மனைவி காந்தத்தால் பொறுக்கினாள். அசல் வீடியோவைத் தேடினார், கிடைக்கவில்லை. பாட்டுப் போட்ட திருட்டு வீடியோதான் கதி. வலது மேலே, வலது மேலே என்று முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றாவது ஜோடியிலேயே கை பழைய வழிக்கு ஓடியது. ஒரு வருடம் பழகிய கை.

கட்டைகளைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய் அலுவலகப் பையிலிருந்து அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியை எடுத்து வந்தார். அந்தச் சட்டத்தை மேசை ஓரத்தில் சுவரோடு சாய்த்து நிறுத்தினார். குமிழை ஒரு நக்கு நக்கி, 'என் டீயத் தொடாதே'யின் நட்டநடுவில் கண்ணாடியை அழுத்தி ஒட்டினார். இடது முழங்கைப் பக்கம், அதற்கு எதிராகப் பார்க்கும்படி, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார். கண்ணாடிக்குள் கோப்பை நேராயிற்று. கைகளும் நேராயின. வலது மேலே போயிற்று.

நான்கு கட்டைகளை எடுத்துக்கொண்டார். முதல் பின்னலை அந்தக் கைகள் தாண்டும்போது வழக்கம்போலக் குனிந்தார். மூக்கு நுனி கண்ணாடியில் 'டொக்'கென்று முட்டியது. படம் நிற்கவில்லை. இன்னொரு தட்டு தட்டினார். கண்ணாடியில் எண்ணெய்த் தடம் விழுந்ததுதான் மிச்சம், அந்தக் கைகள் அவருக்காகக் காத்திராமல் போய்க்கொண்டே இருந்தன.

பக்கத்து நாற்காலியில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கத்தி பிடிக்காத கையை நீட்டி, ஒற்றை விரலால் கைப்பேசியைத் தட்டி நிறுத்தினாள்.